அறுபது நிமிடத்தில் விட்டவை

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டேப்ரெக்கார்டர் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, மணி பதினொன்று. பேப்பர் படித்துப் பதிவு செய்ய வரும் டீச்சர் இன்னும் வரவில்லை. இரண்டு முறை தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டேன். இந்த வாசனை அடித்தால் நீ வாசலிலேயே மூக்கை உறிஞ்சி, "இன்னா மச்சான், ஊசி போடப் போறியா?" என்பாய். இன்று கேட்க ஆளில்லை. சும்மா இருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

உன்னால்தான் இது ஆரம்பித்தது. பருத்திப்பட்டில் உன் வீட்டுக்கு ரேடியோ சரிசெய்ய வந்தவன் நான். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, எதையும் சரிசெய்துவிடலாம் என்ற திமிர். நீ நாற்காலிக்கு ஒயர் பின்னிக்கொண்டே, பேப்பர் படித்துக் காட்ட ஆளில்லை, கெஞ்சினால் தலைப்பை மட்டும் படித்துவிட்டு ஓடிவிடுகிறார்கள் என்றாய். ரேடியோ செய்தி போதாதா என்றேன். அதில் ஆவடி வராது என்றாய்.

அடுத்த வாரமே இரண்டு பழைய டேப்ரெக்கார்டர்களை ஒயரால் இணைத்து, பட்டாபிராமில் என் அறையில் பேசும் பேப்பரைத் தொடங்கிவிட்டேன். வாரம் ஒரு கேசட், அறுபது நிமிடம். படிப்பது பக்கத்துத் தெரு டீச்சர், பிரதி எடுப்பது நான். உன்னைப் போலப் பார்வையில்லாத பதினோரு பேருக்குத் திங்கட்கிழமை போய்ச் சேரும். கேட்டுவிட்டுத் திருப்பித் தருவார்கள். அதன்மேலேயே அடுத்த வாரம் பதிவாகும்.

முதல் கேசட்டில் பாதியை நான்தான் படித்தேன். "ரயிலு புடிக்கணுமா மாமே?" என்று கேட்டாய். அதோடு படிப்பதை விட்டுவிட்டேன்.

வெட்டுவதை விடவில்லை. டீச்சர் நிதானமாக எல்லாவற்றையும் படிப்பார். எழுபது நிமிடம் ஓடும். பிரதி எடுக்கும்போது பத்து நிமிடத்தைத் தூக்கியாக வேண்டும். எதைத் தூக்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. கண்ணீர் அஞ்சலி, மின்தடை அறிவிப்பு, மூலையில் பொடி எழுத்தில் வரும் வரி விளம்பரம், எல்லாம் குப்பை. உங்களுக்கு எது வேண்டும் என்பது எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன்.

நீ டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி முடித்து நான்கு வருஷமாக வேலைக்குக் காத்திருந்தாய். அதுவும் எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிறு நீ இங்கே உட்கார்ந்திருந்தபோது, வந்ததும் வராததுமாக டீச்சர் உன்னைக் கேட்டார்: "அந்த ஆபரேட்டர் வேலைக்கு எழுதிப் போட்டீங்களா? பார்வை இல்லாதவங்களுக்குன்னே கேட்டிருந்தாங்களே. போன மாசம் படிச்சேனே."

எந்த வேலை என்றாய். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் துடைத்த ஹெட்டையே மறுபடி துடைத்தேன். கடைசித் தேதி வெள்ளிக்கிழமையே முடிந்திருந்தது. கேசட்டில் இடமில்லை, அறுபது நிமிடத்துக்கு மேல் ஓடாது என்று ஏதோ டெக்னிக்கலாக உளறினேன்.

நீ கத்தியிருந்தால் தேவலை. உன் விரல்கள் மடியில் இல்லாத ஒயரைப் பின்னிக்கொண்டிருந்தன.

"வெட்டுனதுகூட பரவால்ல மச்சான். வெட்டுனேன்னு சொல்லல பாரு. நீ பக்கத்தத் திருப்புறப்போ இன்னா உடறேன்னு உனுக்குத் தெரியும். எனுக்கு உட்டதே தெரியாது."

இனி வரமாட்டாய் என்று நினைத்தேன். மறுவாரமே வந்தாய். கேசட்டில் கடைசி மூன்று நிமிடம் வேண்டும் என்றாய். வெட்டியவற்றின் தலைப்புகளை வெட்டியவனே தன் குரலில் படிக்க வேண்டும், எவனுக்கு எது வேண்டுமோ அவன் கேட்டு வாங்கிக்கொள்வான். 'விட்டவை' என்று பெயர் வைத்ததும் நீதான். முதல் வாரமே கரையான்சாவடிக்காரர் ஒருவர் ஒரு கண்ணீர் அஞ்சலியை முழுதாகக் கேட்டு வாங்கினார். இறந்தவர் அவருடைய பழைய சிநேகிதர்.

அப்படி ஒரு வேலை விளம்பரம் மறுபடி வரவில்லை. போன மழைக்காலத்தில் நீ போகும்வரை வாராவாரம் தேடினேன். இப்போதும் பேப்பரைப் பிரித்தால் கண் முதலில் அந்த மூலைக்குத்தான் போகிறது.

வெளியே டீச்சரின் செருப்புச் சத்தம். முடிக்க வேண்டும்.

இந்த மடலில் விட்டவை: நீ ஆஸ்பத்திரியில் கிடந்த பதினெட்டு நாள். அதில் நான் வந்து பார்த்தது இரண்டே நாள் என்பது. நீ பின்னிக் கொடுத்த நாற்காலியில் இன்றுவரை நான் உட்காராதது. மன்னித்துவிடு என்று உன்னிடம் ஒருமுறைகூடச் சொல்லாதது.

எது வேண்டுமோ கேள். முழுதாகப் படிக்கிறேன்.