நீ வரைந்த கோட்டுக்கு மேலே

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அப்பா உயிரோடு இருக்கிறார், எழுந்து நடக்கிறார், அரை வயிறு சாப்பிடுகிறார். அதை முதலில் படித்துவிட்டு மூச்சு விட்டுக்கொள். அப்புறம் எனக்கு உன்மேல் இருக்கிற கோபத்தைப் படி.

போன மாதம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. போர்வைமேல் போர்வை போட்டும் கட்டிலே ஆடுகிற நடுக்கம். பிறகு வேர்த்துக் கொட்டியது. மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து குடிநீர் பம்ப் ரூமுக்கு வேலைக்குப் போய்விட்டார். அதற்கு மறுநாள் மறுபடியும் அதே நடுக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று நீ கொசு ஆராய்ச்சி படித்த காலத்தில் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் நீ அப்போது போட்ட கொசு மேப் தொங்குகிறது. அடிவாரம் சிவப்பு, நடுமலை மஞ்சள், ஆயிரத்து எண்ணூறு மீட்டரில் ஒரு கோடு, அதற்கு மேல், நம் ஊர் உட்பட, கொசுவே இல்லை என்று எல்லாம் வெள்ளை. ஓரத்தில் பொடி எழுத்தில் உன் பெயர். ஊருக்குப் புதிதாக வந்திருக்கிற நர்ஸ் அப்பாவிடம், "சமீபத்துல கீழ எங்கயாவது போனீங்களா?" என்று கேட்டாள். எட்டு மாதமாக இந்த ஊரைத் தாண்டவில்லை என்றார். "அப்போ மலேரியா இருக்காது. அந்தக் கொசு இவ்வளவு உயரத்துல கிடையாது" என்று சொல்லி, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கக்கூட மாட்டேன் என்றுவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேப்பைக் கிழித்துப் போட்டிருப்பேன். உன் அப்பாவோ கையில் சளி மாத்திரையை வைத்துக்கொண்டு உன் பெயரையே பார்த்தபடி நின்றார்.

ஐந்தாவது நடுக்கத்தில் அவருக்கு நினைவு தப்பியது. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன்தான் ஜீப் பிடித்து வந்து, அவரைத் தோளில் தூக்கிப்போய் ஏற்றினார். கீழே பெரிய ஆஸ்பத்திரியில் கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டார்கள், மலேரியா என்று. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை.

இனிமேல்தான் கேள். அப்பா கண் விழித்ததும், எந்த ஊரில் இருந்தபோது வந்தது என்று எழுதிக்கொள்ள ஒருவர் வந்தார். வாழ்நாளில் பொய் சொல்லி நான் பார்த்திராத மனுஷன், "மூணு வாரம் முன்னாடி இங்க கீழதான், சொந்தக்காரங்க வீட்டுல தங்கியிருந்தேன்" என்றார்! நான் வாய் திறக்கப் போனேன். என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த ஆள் போனதும் சண்டை பிடித்தேன். "பையன் பேரு போட்ட மேப்பு. அது என்னாலயா தப்பாகணும்?" என்றார்.

அந்தப் பொய்யால் என்ன ஆனது தெரியுமா? அப்பாவின் நோய் கீழூர் நோயாகப் பதிவாகிவிட்டது. மேலே இருந்த வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பத்தே நாளில் எலக்ட்ரீஷியனின் மனைவிக்கு அதே நடுக்கம். ஆறு மாதக் கர்ப்பிணி. அதே ஜன்னல், அதே கேள்வி, அதே சளி மாத்திரை. உன் அப்பாவைத் தூக்கிச் சுமந்தவரின் மனைவிக்கு! நானே அவளைக் கீழே கூட்டிக்கொண்டு போனேன். அவள் பிழைத்துவிட்டாள். குழந்தை தங்கவில்லை.

திரும்பி வந்ததும் நேரே சுகாதார நிலையத்துக்குப் போனேன். என் வீட்டுக்காரர் சொன்னது பொய், அவர் எங்கேயும் போகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அப்பா என்னோடு பேசி ஆறு நாள் ஆகிறது. சுகாதார ஆய்வாளர் படித்துவிட்டு, "நீங்க சொல்றது சரியா இருக்கலாம்மா. ஆனா மேப்பைப் போட்டவர் சொன்னாத்தான் மேலிடத்துல கேப்பாங்க" என்றார். போட்டவனைப் பெற்றவளே நான்தான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் இதுதான் முதல் முறை.

இப்போது எனக்குப் பதில் சொல். மேலே எத்தனை நாள் கொசு பிடித்தாய்? வலைகளைத் தைத்துக் கொடுத்தவள் நான், என்னிடம் மழுப்ப முடியாது. அடிவாரத்தில் இருபது நாள், நடுமலையில் பதினைந்து நாள் வைத்தாய். கீழே பதினோரு வகை, நடுவில் ஆறு, ஏற ஏறக் குறைகிறது என்று சாப்பாட்டுத் தட்டில் விரலால் மலை வரைந்து காட்டினாய். நம் ஊருக்கு நீ வந்தது கடுங்குளிரில். இரண்டு நாள் வலை கட்டினாய், மூன்றாம் நாள் இருமலோடு படுத்தாய், பரீட்சை என்று கிளம்பிவிட்டாய். இரண்டு நாள் குளிரில் அகப்படவில்லை என்றால் கொசுவே இல்லை என்றா அர்த்தம்? 'இங்கே சரியாகத் தேடவில்லை' என்று காட்ட ஒரு நிறம்கூடவா உன்னிடம் இல்லாமல் போயிற்று?

அப்போதிருந்த குளிரும் இப்போது இல்லை. பகலில் ஸ்வெட்டர் போட்டு இரண்டு வருடமாகிறது. பம்ப் ரூமுக்குப் பின்னால் குழாய் கசிந்து தெளிந்த தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. நேற்றுச் சாயங்காலம் அங்கே போய், மலேரியாக் கொசு உட்காரும் என்று நீ சொன்ன மாதிரியே வாலைத் தூக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நாலு கொசுவைக் கண்ணாடி டம்ளரால் மூடிப் பிடித்தேன். நீ செய்கிற மாதிரியே பஞ்சு வைத்து மாத்திரை டப்பாவில் போட்டு இதோடு அனுப்புகிறேன். என்ன வகை என்று நீயே பார். பார்த்ததைப் பார்த்தபடி எழுது.

உன் பெயர் கெட்டுவிடுமே என்று அப்பா பயப்படுகிறார். உனக்கும் அதே பயம் வந்துவிடுமோ என்றுதான் நான் பயப்படுகிறேன்.

மழை நிற்பதற்குள் வா. இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. அவருக்குத் தனியாக ஒரு வரி எழுது: 'பம்ப் ரூமில் வலை கட்ட வேண்டும், நீங்கள் கூட இருந்தால்தான் முடியும்' என்று. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. தலை நிமிர்ந்து நன்றாக இரு.

அம்மா