முள் ஏறிய மாதம்

டீச்சரம்மா,

காளவாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிர்ச் சுவரில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஆள் உயரப் படம். பசை இன்னும் காயவில்லை. கீழே வரிவரியாக எழுத்து. எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே. ஏதோ விருது கிருது கொடுக்கிறார்கள் போல என்று, பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், "இந்த டீச்சருக்கு என்ன விசேஷம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "விசேஷமா? கண்ணீர் அஞ்சலின்னு போட்டிருக்குண்ணே" என்றாள்.

வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்ததில் சமயநல்லூர் வந்து இறங்கி, மருமகளை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதம்மா என்றேன். உங்களிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். நீங்கள் இருக்கும்போது அதை உடைக்கத் தைரியம் வரவில்லை.

ரெண்டாயிரம் பிறக்கப்போகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த வருஷம். ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோயாளிக்கு என்ன சாப்பாடு என்று எழுதிக் கொடுக்கப் படிக்கிற காலேஜ் பிள்ளைகளை, மாதம் ஒரு தடவை வேனில் ஏற்றி எழுமலைக்கு அந்தப்புறம் அந்தக் காலனியில் கொண்டுபோய் இறக்குவீர்கள். "ஆஸ்பத்திரியில நோயாளி உங்களைத் தேடி வருவாங்க. இங்க நீங்கதான் தேடிப் போகணும்" என்பீர்கள். தராசைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் வருவேன். வேப்பங்கிளையில் அதை மாட்டி, கால்சட்டை மாதிரி இருக்கிற பைக்குள் காலனிக் குழந்தைகளின் காலை நுழைத்துத் தொங்கவிடுவது என் வேலை. முள் நிற்கிற இடத்தைப் பார்த்து அட்டையில் புள்ளி வைப்பது காலேஜ் பிள்ளைகள் வேலை.

முதல் நாளே கூத்துதான். ஒரு காலேஜ் பிள்ளை கையில் அளவுக் கப்பை வைத்துக்கொண்டு காலனிக்காரி பேச்சியம்மாளிடம் கேட்டது. "அக்கா, நேத்துப் பாப்பாவுக்கு எத்தனை கப் சாதம் குடுத்தீங்க?"

"கப்பா? இதுல காப்பித்தண்ணி ஊத்துனாக்கூடக் காணாதே தாயி. நாங்க பெரிய கும்பாவுல திங்கிறவுக."

"பால், முட்டை, பழம் குடுக்கலாம்ல?"

"இம்புட்டுக்கும் வழி இருந்தா நான் ஏன் களையெடுக்கப் போறேன்? நீயே வந்து குடும்பத்தை நடத்து."

சுற்றி நின்ற பொம்பளைகள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துவிட்டு, பேச்சியம்மாளின் அடுப்படிக்குள் நுழைந்து சட்டியைத் திறந்தீர்கள். உள்ளே நாலு பருக்கை மிதக்கிற வடிதண்ணி. வெளியே வந்து பிள்ளைகளிடம், "அந்தம்மா சோறுன்னு சொன்னது இதைத்தான். சட்டியைத் தொறந்து பாக்காம பேனாவைத் தொறக்காதீங்க" என்றீர்கள். அதற்கப்புறம் எல்லாப் பிள்ளைகளும் முதலில் அடுப்படிக்குத்தான் போனார்கள்.

பேச்சியம்மாளின் ரெண்டாவது பெண் ஈஸ்வரி. ரெண்டு வயசு. நடை பழகவில்லை. அவள் முள் மூன்று மாதமாக ஏழு கிலோவைத் தொடவேயில்லை. பால்வாடியில் கொடுக்கிற சத்துமாவை நாலு பேர் பங்குபோடாமல் அவளுக்கே ஊட்டச் சொல்லி நீங்கள் பேச்சியம்மாளிடம் மன்றாடினீர்கள். வேனில் ஏறும்போதெல்லாம் "அந்தப் பிள்ளை தேறிடணும்ணே" என்பீர்கள். வேறு யாரைப் பற்றியும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நாலாவது மாதம் நீங்கள் பால்வாடி அம்மாவோடு அடுத்த தெருவில் இருந்தீர்கள். ஈஸ்வரியைத் தூக்கிப் பைக்குள் போட்டேன். முள் ஏழைத் தாண்டி எட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அட்டை எழுதின பிள்ளை கைதட்டியது. பேச்சியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "கன்னமெல்லாம் உப்பிருச்சு பாத்தியா? சதை போட்டுட்டா என் மக!"

அவளை இறக்கும்போது காலைப் பிடித்தேன். என் கட்டைவிரல் பிசைந்த மாவில் பதிகிற மாதிரி உள்ளே போனது. எடுத்தேன். குழி அப்படியே இருந்தது.

எனக்கு அது என்னவென்று தெரியும் அம்மா. நான் சிறுவனாக இருந்தபோது, மழையில்லாத வருஷத்தில், என் தங்கச்சிக்கும் இப்படித்தான் முகமும் காலும் உப்பியது. தேறிவிட்டாள் என்றுதான் எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். நாலாம் நாள் அவள் இல்லை.

சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ரெண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு குழந்தையைப் பார்த்து, இதுக்குக் குடல்புழு இருக்கும்மா என்று சொன்னதற்கு, "அண்ணே, நீங்க தராசை மட்டும் பாருங்க" என்று இதே அட்டை எழுதின பிள்ளை சொல்லியிருந்தது. எல்லார் முன்னாலும் சொன்னது. அந்தச் சொல் உள்ளே உறுத்திக்கொண்டு கிடந்தது. படிச்சவுகளுக்குத் தெரியாததா என்று அடுத்த குழந்தையைத் தூக்கினேன். வேனில் அந்தப் பிள்ளை நோட்டில் குறித்திருந்த எடையைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். நான் உங்களுக்கு முன் ஸீட்டில்தான் இருந்தேன். திரும்பிச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. வண்டியைத் திருப்பியிருப்பீர்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் போனபோது பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் போய் அட்டையைக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்தாள்.

"ஏறித்தானம்மா இருக்கு இதுல? ஏறுன பிள்ளை எப்படிம்மா போகும்?"

"கால் வீங்கியிருந்துச்சா?" என்றீர்கள்.

"சதைன்னுல நெனச்சோம்."

நீங்கள் தலை குனிந்து, "தப்பு என்னுதும்மா. எல்லாம் என்னுது" என்றீர்கள். அவள், "தப்பை வாங்கி வச்சுக்கிட்டு நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது அட்டை எழுதின பிள்ளை தேம்பிக்கொண்டே வந்தது. அதை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை நீங்கள். "நான் முள்ளைப் பாக்கத்தான் கத்துக் குடுத்தேன். உடம்புல நீர் கோத்தாலும் முள்ளு ஏறும்னு கையைப் பிடிச்சுக் காட்டல" என்றீர்கள். அப்புறம் உங்கள் வீட்டுப் பாஷையில் உங்களுக்கு நீங்களே பேசிக்கொண்டு வந்தீர்கள். உங்கள் சௌராஷ்டிரம் எனக்குப் புரியாது. திட்டுவது யாரை என்று மட்டும் புரிந்தது. உசிலம்பட்டி தாண்டியதும் கேட்டீர்கள்:

"அண்ணே, நீங்கதான தூக்கிப் போட்டீங்க. காலைக் கவனிச்சீங்களா?"

"கவனிக்கலம்மா" என்றேன்.

கவனித்தேன் என்றால், ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். தராசை மட்டும் பார்க்கச் சொன்னார்கள் என்று, செத்த பிள்ளைக்கு முன்னால் என் ரோஷத்தையா வைக்க முடியும்? என் வாயை மூடிக்கொண்டு, உங்கள் தலையில் அம்புட்டையும் விழ விட்டேன்.

அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு வருஷத்துப் பிள்ளைகளுக்கும் முதல் பாடம் அதுதான். தராசில் போடுவதற்கு முன்னால் ரெண்டு புறங்காலையும் கட்டைவிரலால் அமுக்கி, மூணு எண்ணி, எடுத்துப் பார்க்க வேண்டும். அதைக் காட்ட என்னையே முன்னால் நிறுத்தினீர்கள். "அண்ணன் கையைப் பாருங்க. இவர் விரலுக்குத் தப்பாது" என்பீர்கள். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். நான் குனிந்துகொள்வேன், கூச்சம் என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் கையால் எத்தனையோ குழிகளைக் கண்டுபிடித்து, வண்டியில் ஏற்றி அனுப்பினோம். பெரும்பாலும் பிழைத்தார்கள். அதைச் சொல்லி ஈஸ்வரியை ஈடுகட்ட நான் வரவில்லை.

அன்றைக்குக் கவனித்தேன் அம்மா. நன்றாகவே கவனித்தேன்.

எனக்கு வயசாகி, வேலை முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் யாராவது மடியில் பிள்ளையோடு உட்கார்ந்தால், கொஞ்சுகிற மாதிரி என் கை அதன் காலுக்குத்தான் போகிறது. அமுக்குகிறேன். மூணு எண்ணுகிறேன். விரலை எடுத்துப் பார்க்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நல்ல காலாகத்தான் இருக்கிறது, குழி விழுவதில்லை. "என்ன தாத்தா அப்படிப் பாக்குறீக?" என்று பெற்றவள் கேட்கிறாள். என்ன பார்த்தேன் என்று அவளிடமாவது சொல்லிவிடலாம். "ஒண்ணுமில்ல தாயி" என்றுதான் வாயில் வருகிறது.