சிவப்பு பல்புக்குக் கீழே ஒன்பது பேர்

ஜூலை 7, திங்கள்

இன்றும் எட்டுப் பிள்ளைகளும் மரக் கேமராவின் கறுப்புத் துணிக்குள் ஒவ்வொருவராகத் தலையை நுழைத்தார்கள். பின்பக்கக் கண்ணாடியில் கல்லூரி வேப்பமரம் தலைகீழாகத் தெரிந்ததைப் பார்த்து ஒரே சிரிப்பு. தலைகீழாக நிற்பது மரம் மட்டுமா? பத்தாவது தேறாதவன் புகைப்படப் பட்டப்படிப்புக்கு வாத்தியார்.

அஸ்தம்பட்டி எக்ஸ்ரே சென்டரில் இருபத்திரண்டு வருஷம் ஃபிலிம் கழுவியவன் நான். சேலத்தில் பாதிப் பேரின் விலா எலும்பு எனக்குத் தெரியும், முகம் தெரியாது. கம்ப்யூட்டர் வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தப் பெரிய கேமராவுக்கு எக்ஸ்ரே ஃபிலிமே அளவாகப் பொருந்துகிறது, சிவப்பு பல்பு வெளிச்சத்திலேயே கழுவலாம். அதனால், 'எங்கப்பாவுக்கு டார்க்ரூம் வேலை தெரியும்' என்று என் மகள் இலக்கியா கல்லூரியில் வாயை விட, வேலை கிடைத்தது. வகுப்பில் என்னை 'சார்' என்கிறாள். வீட்டு வாசலில் செருப்போடு அந்த மரியாதையையும் கழற்றிப் போட்டுவிடுகிறாள்.

இருமல்தான் விடமாட்டேன் என்கிறது.

ஜூலை 10

சௌந்தர்யாவின் சடை மறுபடியும் ஃபிக்ஸர் மருந்துத் தட்டில் விழுந்தது. இடுப்புக்குக் கீழே தொங்குகிற சடை. "தூக்கிக் கட்டு சாமி" என்று தினமும் சொல்கிறேன். "கட்டுனா தலை வலிக்குதுங்க சார்" என்கிறாள், அதுவும் தினமும்.

வீட்டில் சாப்பிடும்போது என் மனைவி சித்ரா பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, மருந்துத் தண்ணி நெடின்னு சொல்றீங்களே. இருபத்திரண்டு வருஷமா வராத இருமலு இப்பத்தான் வழி கண்டுபுடிச்சு வந்துச்சாக்கும்?"

இருமி வைத்தேன்.

ஜூலை 15

பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டேன். பொழுது சாய்ந்தால் உடம்பு காய்கிறது. விடிந்தால் சட்டை நனைந்திருக்கிறது.

இப்படிச் சொல்லிக்கொண்டு வந்து சட்டையைக் கழற்றி நின்றவர்கள் எத்தனை பேர்! அவர்கள் ஃபிலிமைக் கழுவியவன் நான். எனக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் போய்க் காட்டாமல் இருக்கிறேன். வெட்கக்கேடு.

என்னைப் பற்றிய பயம் பாதிதான். அந்த அறை. பழைய சாமான் அறை, பத்தடிக்கு எட்டடி. ஒரு பொட்டு வெளிச்சம் வரக்கூடாது என்று ஜன்னல் இடுக்கையெல்லாம் கறுப்புத் தாளால் அடைத்தவன் நானேதான். வெளிச்சம் போகாத அறைக்குள் காற்று எப்படிப் போகும்? ஒன்பது பேர், இரண்டு மணி நேரம். நான் இருமியதெல்லாம் எங்கே போயிருக்கும்? அந்தக் கறுப்புத் துணி — முதலில் நான் தலையை விட்டு இருமுவேன், அப்புறம் வரிசையாகப் பிள்ளைகள்.

ஜூலை 17

காலையில் ஜாபரிடம் போனேன். பழைய சென்டரில் இன்னும் அவன்தான் படம் எடுக்கிறான். கம்ப்யூட்டர் வேண்டாம், ஃபிலிமில் எடு, நானே கழுவிக்கொள்கிறேன் என்றேன். கம்ப்யூட்டரில் பெயர் ஏறும். ஃபிலிமில் ஏறாது.

"ஏம்ப்பா, எவ நெஞ்சைத் திருடிட்டு வந்தே, இப்படி ஒளிக்கிறே?" என்றான். பின்பு என் விலாவைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினான். "உனக்கெதுக்கு பெரிய ஃபிலிம்? பத்துக்குப் பன்னண்டு இன்ச்சே போதும்."

சாயங்காலம் பிள்ளைகள் போனபின் டார்க்ரூமில் தனியாகக் கழுவினேன். நுரையீரல் கறுப்பாக ஏறி வரவேண்டும். கீழே ஏறியது. இடது பக்கம் ஏறியது. வலது பக்கம் மேலே மட்டும் ஏறவில்லை. ஊறினால் கறுக்கும் என்பதுபோல டெவலப்பர் மருந்திலேயே விட்டுவைத்தேன். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். வகுப்பில் எந்தப் பிள்ளையாவது இப்படிச் செய்தால் திட்டுவேன். மற்ற இடமெல்லாம் கன்னங்கரேல் என்று ஆனது. அந்த இடம் அப்படியே வெள்ளை.

ஈரமாக இருந்ததால் கொடியில் மாட்டிவிட்டு வந்தேன். நாளைக்கு முதல் ஆளாகப் போய் எடுத்துவிட வேண்டும்.

ஜூலை 18

முதல் ஆளாகப் போக நினைத்தவனுக்கு ராசிபுரத்திலேயே பஸ் பஞ்சர். இலக்கியா கல்லூரி பஸ்ஸில் போய்விட்டாள்.

நான் உள்ளே நுழைந்தபோது எட்டுப் பேரும் என் நெஞ்சைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அடியில் விளக்கு போட்டு, ஃபிலிமை மேலே வைத்து. கறுப்பு எது, வெள்ளை எது, ஏன் என்று படிக்கக் கற்றுக்கொடுத்ததும் நான்தானே.

"சார், இது யாருதுங்க? இந்த இடத்துல மட்டும் என்னமோ மறைக்குது பாருங்க" என்றான் கவின். நல்ல மாணவன்.

"பழைய சாம்பிள்" என்றேன்.

நம்பிவிட்டார்கள். இலக்கியாவின் விரல் மட்டும் ஃபிலிமில் கழுத்தெலும்பின் முடிச்சுமேல் இருந்தது. அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போது, அவளை முன்னால் நிறுத்தி டிவிஎஸ் ஓட்டிப் போனேன். குறுக்கே வந்த கோழிக்குப் பிரேக் போட்டு விழுந்தேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, கோழிக்கும் ஒன்றுமில்லை, எனக்கு எலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்தது. அந்த முடிச்சைத் தொட்டுக்கொண்டு தூங்கி வளர்ந்தவள்.

வெளியே என் பின்னாலேயே வந்தாள். "அப்பா" என்றாள். கல்லூரியில் அப்படிக் கூப்பிட்டது இதுவே முதல் தடவை. "உள்ள எட்டுப் பேரு இருக்கறோம்ப்பா."

பல்பு ஃபியூஸ் என்று சொல்லி எல்லோரையும் மரத்தடிக்கு அனுப்பினேன். அதுவும் பொய்தான்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள் இலக்கியா.

நான் சொல்கிறேன் என்றேன். துறைத்தலைவர் அம்மாவிடம் வாசலில் நின்றே சொன்னேன்.

ஜூலை 22

அரசு மருத்துவமனையில் சளியைப் பரிசோதித்தார்கள். காசநோய். ஆறு மாத மாத்திரை, குணமாகிவிடும் என்றார் டாக்டர். அடுத்தவனுக்கு என்றால் நானும் அதையே சொல்வேன்.

என்னோடு பழகியவர்களின் பட்டியல் எழுத வந்த சுகாதாரப் பணியாளர் பெயர் அன்புச்செல்வி. "ஊட்டுல எத்தனை பேருங்க?" சித்ரா, இலக்கியா. "வேலை செய்யற எடத்துல கதவைச் சாத்திட்டு ஒண்ணா உக்கார்ற ஆளுங்க?" பேனாவை வாங்கி நானே எழுதினேன், எட்டுப் பெயரையும். எட்டு வரிதான். கல் சுமந்ததுபோல இருந்தது.

ஜூலை 23

மாத்திரை தொடங்கியாயிற்று. அதன் சாயத்தில் சிறுநீர் சிவப்பு பல்பு நிறத்தில் போகிறது. டார்க்ரூம் எனக்குள்ளேயே வந்துவிட்டது போல.

ஜூலை 28

தனி அறையில் இருக்கிறேன். படத்தில் ஒன்றுமில்லை என்று வந்த சித்ரா, தட்டை வாசலில் வைத்துவிட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுகிறாள்.

பிள்ளைகளில் ஏழு பேர் படம் எடுத்துவிட்டார்கள். ஏழும் சுத்தம். இலக்கியாவுடையதும். அவள் பெயரைக் கேட்டதும் அழுதுவிட்டேன், நல்லவேளை அறையில் யாருமில்லை.

சௌந்தர்யா வரவில்லை. போன் அணைத்திருக்கிறது.

ஜூலை 30

மல்லசமுத்திரத்திலிருந்து சௌந்தர்யாவின் அம்மா செல்லாயி வந்தாள். ஜவ்வரிசி மில்லில் வேலை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். நான் முகமூடியோடு முற்றத்தின் இந்தக் கோடியில். சேலைத் தலைப்பு நழுவியது. மொட்டைத் தலை. மகளுக்குச் சம்பந்தம் கூடியதென்று போன வாரம்தான் கோயிலில் முடி கொடுத்தாளாம்.

"ஆவணியில நிச்சயமுங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க காதுல உழுந்தா அம்புட்டுத்தான். அந்தக் காயிதத்துல எம்பொண்ணு பேரை அடிச்சுப்போடுங்க சாமி."

"பேரை அடிச்சாலும் அவ அந்த ரூமுக்குள்ள இருந்தது இருந்ததுதானுங்களே."

"இருந்தா. கதவைச் சாத்துனது நீங்கதானுங்க."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

போகத் திரும்பியவள், என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னாள்: "நாலு நாளா இருமுறா."

"அஸ்தம்பட்டியில ஜாபர்னு ஒருத்தர் இருக்காருங்க. ஆருக்கும் தெரியாம எடுத்துக் குடுப்பாரு. எம்பேரைச் சொல்லுங்க" என்றேன். அவள் முதுகுக்குத்தான் சொன்னேன். நின்று கேட்டாளா, பஸ்ஸுக்குப் பார்த்தாளா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 1

ஒன்றும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 4

ஜாபருக்கு நான்கு முறை போன் போட்டேன். "வந்தா சொல்ல மாட்டேனாப்பா? நீ மாத்திரையை முழுங்கிட்டுப் படு." படுத்தால் அந்தப் பெண் தட்டுமேல் குனிந்து நிற்கிறாள். பின்னால் நின்று நான் இருமுகிறேன்.

ஆகஸ்ட் 6

மத்தியானம் ஜாபர் போனுக்கு ஒரு படம் அனுப்பினான். மூலையில் எழுதியிருந்தது: செல்லாயி, வயது 44. கூட ஒரு வரி, 'பார்த்துட்டுக் கூப்பிடு.'

இவள் எதற்கு எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தபடியே பெரிதாக்கினேன். வலது பக்கம், மேலே, வெள்ளையாக ஒரு பட்டை. எனக்கு இருந்த அதே இடம். போனைக் கட்டிலில் போட்டுவிட்டேன். அம்மாவுக்கே வந்திருக்கிறது என்றால் மகளிடமிருந்து, மகளுக்கு என்னிடமிருந்து.

மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்தப் பட்டை நுரையீரலோடு நிற்கவில்லை. எலும்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, கழுத்துப் பக்கமாக மேலே போயிற்று. நடுநடுவே முறுக்கு முறுக்காக.

சடை.

முன்பக்கம் தூக்கிப் போட்ட சடை. எத்தனை படத்தில் பார்த்திருக்கிறேன்! நோய்போலவே விழும். தூக்கிக் கட்டச் சொல்லாமல் எடுத்தால் டாக்டரே ஏமாறுவார்.

செல்லாயிக்குத் தலையில் அரிசியளவு முடிகூட இல்லையே.

ஜாபரைக் கூப்பிட்டேன். "சடையைப் பார்த்ததும் கொண்டை போடச் சொல்லி இன்னொண்ணு எடுத்தேன். சுத்தம். நீ கண்டுபிடிக்கிறியான்னுதான் முதல் படத்தை அனுப்புனேன்" என்றான். இருபது வருஷ நண்பனைக் கொல்லலாம் போல இருந்தது.

"வந்தது யாரு?"

"செல்லாயி. எழுதியிருக்குல்ல? சளியும் குடுத்திருக்காங்க. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

ஆகஸ்ட் 9

ஜாபர் போன் செய்தான், செல்லாயியின் சளியில் கிருமி இல்லை. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

இனி யாருக்கும் தொற்றாது, போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இருந்தும் டார்க்ரூம் வாசலில் கால் நின்றுவிட்டது.

உள்ளே 'டர்'ரென்று ஒரு சத்தம். கவின் வீட்டுக் கோழிப்பண்ணையிலிருந்து பழைய ஃபேனைக் கொண்டுவந்து ஜன்னலில் பொருத்தியிருக்கிறார்கள். வெளிச்சம் வராமலிருக்க வளைவு வளைவாகக் குழாய், உட்புறம் கறுப்புப் பெயிண்ட். காற்றில் லேசாகக் கோழி வாசம். மூச்சை இழுத்து விட்டேன், கூச்சமாக இருந்தது. இலக்கியா 'உள்ளே வாங்க சார்' என்றாள்.

சிவப்பு பல்பைப் போட்டுவிட்டு எண்ணினேன். என்னோடு சேர்த்து ஒன்பது.

மூன்றாவது தட்டருகே சௌந்தர்யா. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஃபிக்ஸர் தட்டை நோக்கிக் குனிந்தாள். வழக்கம்போல நான் வாயைத் திறந்தேன்.

அவள் முன்கூட்டியே கொண்டை போட்டிருந்தாள்.