நீல டிரம் இல்லாத திருப்பம்

என் அன்பு வாயாடிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம், உன் அப்பாவும் சௌக்கியம், அவர் வாய் மட்டும் வழக்கம்போல் கூடுதல் சௌக்கியம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். போனில் நல்லாத்தான் இருக்கேன் என்று இழுத்தாயே, அதை நான் நம்பவில்லை. நீ அழ ஆரம்பித்ததும் சொல்ல வந்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது, அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், இந்த வயதில் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தது உனக்குத் தெரியும். முதல் டெஸ்டில் கோட்டை விட்டதும் தெரியும், ஏன் என்று மட்டும் உன்னிடம் சொல்லவில்லை, நீ சிரிப்பாய் என்றுதான். நம் தெருக்கோடி மைதானத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பழக, உன் அப்பா மாடியிலிருந்த நீல டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து அடையாளத்துக்கு வைத்தார். டிரம் கண்ணாடியின் ஓரத்தில் தெரிந்ததும் ஸ்டீயரிங்கை ஒடி, அவ்வளவுதான் கணக்கு. ஒருநாள்கூடத் தப்பவில்லை. உன் அப்பா போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி, எங்க வீட்டம்மா ஓட்டறதைப் பாருங்க என்று காட்டிக்கொண்டிருந்தார். டெஸ்ட் நடந்த இடத்தில் எல்லாம் இருந்தது, டிரம் மட்டும் இல்லை. நான் அதைத் தேடிக்கொண்டே பின்னால் போய் வேலியில் இடித்தேன். டெஸ்ட் எடுத்த அதிகாரி எதைம்மா தேடுறீங்க என்று கேட்டார், டிரம்மை என்று சொல்ல முடியுமா? இந்த மனுஷர் அடுத்த டெஸ்டுக்கு டிரம்மை டிக்கியில் போட்டுக்கொண்டு போகலாம் என்று யோசனை சொன்னார்!

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நீங்க வண்டி ஓட்டக் கத்துக்கலைம்மா, டிரம்மைப் பார்க்கக் கத்துக்கிட்டீங்க என்றார். அவர் பாடம் மட்டும் என்ன வாழ்ந்தது, ஒருநாள் கிளட்ச், ஒருநாள் கண்ணாடி, ஒருநாள் கியர் என்று தனித்தனியாகத்தான் சொல்லிக்கொடுத்தார். தனித்தனியாக நான் எல்லாவற்றிலும் புலிதான். அந்த தைரியத்தில் உன் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு முதல்முறை பெரிய சாலைக்குப் போய்த்தான் நாற்சந்தி நடுவில் வண்டியை அணைத்துவிட்டு நின்றேன். பின்னால் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை, உன் அப்பா கிளட்ச் கிளட்ச் என்று கத்துகிறார், எனக்குக் கிளட்ச் எந்தக் காலில் என்பதே மறந்துபோனது. அப்போது ஏன் உனக்குப் போன் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை, கை தானாகப் போனது.

நீ என்ன செய்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எங்கம்மா நிக்கிற என்று கேட்டாய். யாருக்காவது அடிபட்டுச்சா என்று கேட்டாய். அப்பாவைக் கொஞ்சம் பேசாம இருக்கச் சொல்லு என்றாய், அவரும் பேசாமல் இருந்தார், கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைக்காத வரம் அது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாய், நான் ஒன்றை முடிக்கும்வரை அடுத்ததைச் சொல்லவில்லை. வண்டி ஓரத்துக்கு வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, உன் குரல் மட்டும் கொஞ்சமும் நடுங்கவில்லை.

அடியே, ஆம்புலன்ஸ் கேட்டு யாராவது கதறினால் நீ செய்ய வேண்டிய வேலை இதுதானே? நிஜமான அழைப்பு வந்தால் தடுமாறுகிறேன், இதற்கு மூளை போதவில்லை என்று ராஜினாமா எழுதி வைத்திருக்கிறாயே. சும்மா தலையில் தூக்கிவைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதே. அன்றைக்கு உன் கை சும்மா இருந்தது, அங்கே காது கேட்கக் கேட்கக் கை விலாசத்தைக் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும், பக்கத்தில் இன்னொரு போன் மணி அடிக்கிறது, அது வேறு மாதிரி வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் உன் பயிற்சியும் காலையில் கேட்பது, மதியம் தட்டுவது என்று பிரித்துப் பிரித்துத்தான் நடந்திருக்கிறது, அதுவும் ஊசி விழுந்தால் கேட்கிற அறையில். வகுப்பில் முதலாவதாக வந்தாய், நானும் மைதானத்தில் முதலாவதுதான். இப்போது ராத்திரியெல்லாம் தனியாக உட்கார்ந்து தட்டச்சு பழகுகிறேன் என்கிறாய், அது டிரம்மை இன்னும் பளபளவென்று துடைப்பதுதான். உன் மேலதிகாரி அம்மாவிடம் போய், மாதக் கடைசியில் உனக்கு வைக்கப்போகும் பயிற்சிப் பரீட்சைக்குள் கேட்பதையும் தட்டுவதையும் சேர்த்துச் சத்தத்துக்கு நடுவில் பழக விடுங்கள் என்று வாய் திறந்து கேள். வாயாடி என்று உனக்குச் சும்மாவா பெயர் வைத்தோம்?

எங்கள் வாத்தியார் அப்படித்தான் செய்தார். நெரிசலான சாலையில் ரேடியோவைப் போட்டு, உன் அப்பாவைப் பின் சீட்டில் உட்காரவைத்து, சார் நீங்க பாட்டுக்குப் பேசுங்க என்று சொல்லிவிட்டார். அவருக்குக் கரும்பு தின்னக் கூலி. முதல் வாரம் திணறினேன், அப்புறம் அவர் பேச்சு காதில் விழுவதே நின்றுபோனது. நேற்று மறுபடியும் டெஸ்ட், பாஸ் பண்ணிவிட்டேன்.

ராஜினாமாவைப் பரீட்சை முடியும்வரை கொடுக்காதே. அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் கொடுத்துவிட்டு வா. லீவில் வந்தாலும் சரி, வேலையை விட்டுவிட்டு வந்தாலும் சரி, ஸ்டேஷனுக்கு நான்தான் வண்டி எடுத்துக்கொண்டு வருவேன். இரண்டுக்கும் ஒரே சாலைதான், அந்த நாற்சந்தியைத் தாண்டித்தான் வர வேண்டும், தாண்டிவிடுவேன்.

நீ நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று இருவரும் ஆசீர்வதிக்கிறோம். காது வலிக்கிறது என்றாயே, டாக்டரிடம் காட்ட மறக்காதே.

உன் அன்புள்ள,
லைசென்ஸ் வாங்கிய அம்மா

அப்பா ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார்: நீ வருகிற நாளில் பின் சீட்டில் அவருக்குப் பக்கத்தில்தான் உனக்கு இடமாம்.