வாசுகியின் கம்ப்யூட்டர் படிப்பும் என் மாபெரும் கணக்கும்

14.7.1992, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸே மிதக்கிறது. குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு திமிங்கலம் போனதைக் கண்ணால் கண்டேன். பக்கத்து வீட்டு வாளி என்கிறாள் பார்வதி. மனைவிமார்களுக்குக் கற்பனை மட்டு.

செய்ய வேண்டியவை: குடைக் கம்பி. பல்பு. தங்கச்சி மகளின் எதிர்காலம்.

மூன்றாவதற்கு விளக்கம். கிள்ளானிலிருந்து தங்கச்சி சரோஜா போன். அவள் மகள் வாசுகிக்கு ஒரே வாரத்தில் இரண்டு கடிதம். ஒன்று, அரசாங்கக் குமாஸ்தா வேலை. மற்றது, தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ், மூன்று வருடம். இருபத்து நாலாயிரம் மலேசிய வெள்ளி கடன் வாங்கினால்தான் படிப்பு. கடனுக்கு அரசாங்கச் சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை கடைசி.

"நீங்க சொல்றதுதாண்ணே. தாய்மாமன் நீங்க இருக்கறப்போ நாங்க யாரு முடிவு பண்ண? அவரும் அதான் சொல்றாரு. சனிக்கிழமை சாப்பிட வந்துருங்க."

மந்திரிசபைகூட என்னை இப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும்.

15.7, புதன்

ரயில்வே ஆபீசில் எங்கள் சரக்குப் பிரிவு தூங்கிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டேன். ஃபூல்ஸ்கேப் ஏழு தாள்.

குமாஸ்தா: அரசாங்கச் சம்பள அட்டவணை கைவசம். வருடா வருடம் ஏறும் தொகை, சென் காசு சுத்தமாக. பிறகு பென்ஷன், தொண்ணூறு வயது வரை (எங்கள் பரம்பரைக்கு ஆயுள் கெட்டி).

கம்ப்யூட்டர்: ஆரம்பச் சம்பளம் ஆயிரத்து இருநூறு என்கிறார்கள். அட்டவணை கிடையாது. அச்சில் இல்லாத வெள்ளியை நான் சேர்ப்பதில்லை. ஆகவே ஆயிரத்து இருநூறு, ஐம்பத்தைந்து வயதில் வேலை முடியும் வரை. அதில் கடன், வட்டி, சம்பளமில்லாத மூன்று வருடம் கழிவு.

குமாஸ்தா அமோக வெற்றி. கூட்டிக் கூட்டிக் கணக்கு மெஷினிலிருந்து புகை வந்தது. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

16.7, வியாழன்

மழை விட்டது. கம்ப்யூட்டர் என்றாலே அந்த அறைதான் ஞாபகம். எழுபத்தொன்று. தலைமை ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த வருடம். கம்ப்யூட்டர் படிப்பதற்கான எங்கள் பிரிவின் துளை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கிச் சுமந்துபோவது என் வேலை. உள்ளே அப்படி ஒரு ஏர்கண்டிஷன். வெளியே கோலாலம்பூர் கொதிக்கும், உள்ளே ஸ்வெட்டர் போட்ட பொடியன்கள். மூக்கில் பனிக்கட்டி தொங்க வெளியே வருவேன். பிறகு கேண்டீனில் ஐஸ் காப்பி, அறுபத்தைந்து பேருக்கு முன்னால் கம்ப்யூட்டரைப் பற்றிப் பிரசங்கம். அந்த அட்டைகளின் வாசனை, புதுப் பாடப்புத்தகம் மாதிரி. இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது.

இரண்டு வருடம் சிங்கப்பூரில் அதையே படிக்க ஆபீஸ் கடன் தருவதாகச் சொன்னது. விண்ணப்பித்தேன். மேலிடத்தில் யாரோ பொறாமையில் தடுத்துவிட்டார்கள்.

பார்வதியிடம் இதை மறுபடி சொன்னேன். "இருபது வருஷமா கேட்டாச்சு. போன தடவை தடுத்தது ஒருத்தர், இந்தத் தடவை ஒரு கூட்டமா?"

17.7, வெள்ளி

வெயில். பல்பு வாங்கினேன். குடைக் கம்பி கிடைக்கவில்லை.

டீக்கடையில் பக்கத்து மேசை: "கம்ப்யூட்டர்லாம் ரெண்டு வருஷ மோகம் லா. அப்புறம் பாரு, வீடியோ கடை மாதிரி மூடிருவானுங்க." என் கட்சிக்கு ஒரு ஓட்டு. அவர் டீக்கும் நானே கொடுத்தேன்.

18.7, சனி

கிள்ளான் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். சரோஜாவின் நண்டுப் பிரட்டலுக்காகச் சீனா வரைகூட நிற்கலாம். சாப்பிட்டு, கை கழுவி, தாள்களை விரித்துத் தீர்ப்பு வாசித்தேன். சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மச்சான் தலையாட்டினார். வாசுகி ஏழு தாளையும் வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா?"

"ஒன்பது கேளும்மா."

"குமாஸ்தாவா போனா தொண்ணூறு வயசு வரைக்கும் இருக்கேன். கம்ப்யூட்டருக்குப் போனா அம்பத்தஞ்சிலேயே ஆளைக் காணோமே?"

மச்சானுக்குச் சிரிப்பில் தண்ணீர் புரையேறியது.

"இங்க வருஷா வருஷம் சம்பளம் ஏறுது. அங்க முப்பது வருஷமும் அதே ஆயிரத்து இருநூறா? ஏன் மாமா?"

"அட்டவணை இல்லையே கண்ணு."

"அட்டவணை இல்லன்னா ஏறாதா?"

"வாயை மூடுடி. மாமா எதிர பேசிக்கிட்டு," என்றாள் சரோஜா.

வாசுகி வாயை மூடிக்கொண்டாள். "மாமா சொன்னா சரிதான்," என்று தாள்களை ஒழுங்காக மடித்துக் கொடுத்தாள். அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம்.

19.7, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியை இழுத்தேன். தேடியது கிடைத்தது.

எழுபத்தொன்றின் கடன் விண்ணப்ப ஃபாரம். அதோடு என் கையெழுத்தில் ஒரு தாள். படிப்பு முடித்தால் சம்பளம் முந்நூற்றைம்பது. அடுத்த வருடம் முந்நூற்றைம்பது. அதற்கடுத்த வருடமும். கடைசி வரி: கடன் தீர பதினொரு வருடம். கீழே இரண்டு கோடு.

பொறாமைக்காரர் யாருமில்லை. இந்த நோட்டில்கூட வியாழக்கிழமை பொய்தான் எழுதியிருக்கிறேன். ஃபாரத்தை நான் கொண்டுபோய்க் கொடுக்கவே இல்லை.

ஜாமீன் இடத்தில் அப்பாவின் கையெழுத்து. தண்டவாள வேலைக்காரர்களை மேய்க்கும் மண்டோர். சம்பளத்துக்குக் கைநாட்டுத்தான் வைப்பார். இந்த ஒரு ஃபாரத்துக்காகப் பழைய பேப்பர் ஓரமெல்லாம் பெயரை எழுதி எழுதிப் பழகினார், ஒரு வாரம். 'முனியாண்டி.' கடைசி எழுத்துக்குக் கட்டத்தில் இடம் போதவில்லை. கீழே இறக்கி எழுதியிருக்கிறார். கடன் கிடைக்கவில்லை என்று நான் சொன்னபோது, "என் எழுத்து சரியா இல்லையோ?" என்றார். அதற்குப் பிறகு பத்து வருடம் உயிரோடு இருந்தார். உண்மையை நான் சொல்லவில்லை.

பார்வதி எட்டிப் பார்த்தாள். காப்பி வைத்துவிட்டுப் போனாள்.

20.7, திங்கள்

தூறல். அரை நாள் லீவு. காரணம்: அவசர தேசியப் பணி. சரோஜாவுக்குக் காலையிலேயே போன். கணக்கில் ஒரு சிறு திருத்தம், பிள்ளையை அனுப்பு என்றேன்.

பத்தரைக்குக் கடன் ஆபீஸ் வாசலில் வாசுகி. கையில் இரண்டு கடிதமும்.

"மாமா, அந்தக் கணக்கு…"

"அது சரக்கு வண்டிக் கணக்கும்மா. மனுசங்களுக்குப் போடக்கூடாது."

கவுண்டரில் என் சம்பளச் சீட்டைக் கொடுத்தேன். கட்டம் அதே அளவு. இருபத்தொரு வருடத்தில் ஒரு நூல்கூட அகலமாகவில்லை. பேனா எழுதவில்லை. வாசுகி தன்னுடையதைக் கொடுத்தாள்.

முழுப் பெயரும் போட்டேன், அப்பா பெயரும் சேர்த்து. மறுபடி இடம் போதவில்லை. கடைசி எழுத்தைக் கீழே இறக்கினேன்.