கணக்கில் வராத ஓராண்டு

இன்று காலை தேர் சந்தியை அடைந்தபோது, கர்ப்பூரப் புகைக்கு நடுவே தண்ணீர்ப் பந்தல் மோரின் இஞ்சி மணம் வந்து என்னைத் தொட்டது. கால்கள் தாமாகவே லிண்டன் மரத்தடியை நோக்கித் திரும்பின. சென்ற ஆண்டு உமது மடக்குக் கதிரையை விரித்து வைத்த இடம் அது. இன்று யாருடையதோ ஒரு சைக்கிள் அங்கே சாய்ந்து நின்றது. சந்தியின் நடுவில், இரு பக்க வாகனங்களையும் கையால் மறித்தபடி, நீலச் சீருடையில் உமது மகள் நின்றாள்.

நீர் பார்த்திருக்க வேண்டியதை நான் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன், நண்பரே. இது முறையன்று. நம் இருவருக்குள்ளும் எப்போதும் நீரே முந்தியவர். தொழிற்பேட்டைக் கொட்டகை ஒன்று கோயிலான நாள்முதல் ஆடி, ஆவணி மாதப் புராணப் படிப்பில் செய்யுளை இசையோடு வாசித்தவர் நீர். அதற்குப் பொருள் சொன்னவன் நான். நீர் ஓரிடத்தில் நிறுத்திக் கண்ணை உயர்த்துவீர். அது எனக்கான குறிப்பு. பாண் தொழிற்சாலையில் விடிய விடிய மாவோடு நின்றுவிட்டு வந்தாலும் உமது குரல் ஒருநாளும் தளரவில்லை.

உமது மகள் பள்ளிப் படிப்பு முடிந்ததும் ரொறன்ரோவில் பெரியம்மா வீட்டில் தங்கி, இரண்டாண்டு கல்லூரியில் படித்து, டிப்ளோமாவோடு திரும்பினாள். அது பொலிஸ் பணிக்கான படிப்பு என்பது அவள் திரும்பிய பிறகே உமக்குத் தெரிந்தது. அன்று உமது வீட்டுக் கூடத்தில் நானும் இருந்தேன்.

“காக்கியைக் கண்டு கடல் தாண்டி வந்தனாங்கள். நீ அதை உடுத்தப் போறியோ?”

“இஞ்சை காக்கி இல்லை அப்பா, நீலம்.”

“நிறம் மாறினால் நாய் கடியாதோ?”

உமது தமையனாரைச் சோதனைச் சாவடியில் சீருடைக்காரர் பேருந்திலிருந்து இறக்கியதைப் பக்கத்து இருக்கையிலிருந்து கண்டவர் நீர். அவர் பிறகு திரும்பவில்லை. இந்த ஜேர்மன் நகரத்திலும் பொலிஸ் வாகனம் ஒன்று நின்றால், எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறியே நடப்பீர்.

அவள் பின்வாங்கவில்லை. பொலிஸ் உயர்கல்விக் கழகத்தில் இடம் கிடைத்தது. பட்டத்துக்கு மூன்றாண்டு. கனடாவில் பெற்ற பாடப் புள்ளிகளை ஏற்றுக்கொண்டால் முதலாண்டு கழியும் என்று நம்பி அன்ராக், அதாவது விண்ணப்பம், எழுதினாள். அவள் அவசரத்துக்குக் காரணம் உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உமது சிறுநீரகங்கள் அப்போதே கைவிட்டிருந்தன. கிழமைக்கு மூன்று முறை இயந்திரம் உமது இரத்தத்தைக் கழுவித் தந்துகொண்டிருந்தது.

பதில் வந்தது. உளவியலையும் ஆங்கிலத்தையும் ஏற்றார்கள். சட்டப் பாடங்களை ஏற்கவில்லை. அந்நாட்டுச் சட்டம் வேறு, இந்நாட்டுச் சட்டம் வேறு என்றார்கள். இரண்டு பாடம் குறைந்தது, ஆண்டு குறையவில்லை. அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. நீர் உள்ளூர மகிழ்வீர் என்றே எண்ணினேன். நீரோ மருத்துவமனைக் கட்டிலில், கையில் குழாயோடு, என்னைப் பார்த்துச் சீறினீர்.

“எதிர்த்து எழுதச் சொல்லும் ஐசே.”

“வேண்டாமெண்டு நிண்டவர் நீர்தானே?”

“உடுப்பு வேண்டாமெண்டுதான் சொன்னனான். பிள்ளை படிச்சதைப் படிக்கேல்லை எண்டு சொல்ல அவை ஆர்?”

யாழ்ப்பாணத்தில் நீர் பெற்ற நில அளவை டிப்ளோமாவை இந்த நாட்டில் ஒருவரும் கேட்டதில்லை. நீரும் காட்டியதில்லை. அந்த மௌனம் முழுவதும் அன்று உமது குரலில் ஏறி நின்றது. நான் ஆறுதலாக எதையோ சொல்லத் தொடங்கினேன். நீர் விடவில்லை.

“படிச்ச படிப்பு மறுபிறப்புக்கும் கூட வருமெண்டு எத்தினை தரம் பொருள் சொன்னனீர்? அது அத்திலாந்திக்கைத் தாண்டேல்லையே!”

பக்கத்துக் கட்டில் ஜேர்மன் கிழவர் திடுக்கிடும்படி இருவரும் சிரித்தோம்.

எதிர்த்து எழுதினாள். மறுமொழியும் மாறவில்லை. “அப்ப மூண்டு வருசம்,” என்று விரலை மடக்காமலே சொன்னீர். பிறகு அவள் கையைப் பிடித்து, “நீ படி. நான் இருப்பன்,” என்றீர். அதுவரை நீர் எவருக்கும் காக்க முடியாத வாக்குக் கொடுத்து நான் கண்டதில்லை.

ஆனாலும் அவள் படிப்பின் மூன்றாம் ஆண்டுத் தேர்த் திருவிழா வரை உயிரை இழுத்து வந்துவிட்டீர். சென்ற கோடையில் அந்த மரத்தடியில் இருந்தீர். அவளுக்கு இறுதித் தேர்வு, வர இயலவில்லை. படிப்பில் அந்த ஓராண்டைக் குறைத்திருந்தால் அன்றே அவள் சீருடையில் அங்கு நின்றிருப்பாள். அவள் நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஓர் இளம் பொலிஸ்காரன் வியர்த்து நின்றான். சுவாமியைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தீர். திடீரென எழுந்து, தள்ளாடித் தள்ளாடி, ஒரு குவளை மோரை அவனிடம் கொண்டு சென்றீர். அவன் ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தான். திரும்பி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தீர்.

“உப்புக் கூடிப்போச்சு போல,” என்றீர். சற்றுப் பொறுத்து, “என்ரை பிள்ளையும் இப்பிடித்தான் நிப்பாள், என்ன?”

“ஓம், அடுத்த தேருக்கு,” என்றேன் நான்.

இலைகள் பழுக்குமுன் நீர் போனீர். அவள் பட்டமும் உறுதிமொழியும் அதற்குப் பிறகு வந்தன.

இன்று தேர் சந்தியில் இளைப்பாற நின்ற சிறு பொழுதில் மோர்க் குவளையோடு அவளிடம் சென்றேன். “கடமையிலை நிக்கிறன் மாமா, பிறகு குடிக்கிறன்,” என்றாள். பின், வாகனங்களிலிருந்து கண்ணை எடுக்காமல், தாழ்ந்த குரலில் கேட்டாள்: “அப்பா எவடத்திலை இருந்தவர்?”

மரத்தடியைக் காட்டினேன். ஒரு கணம்தான் திரும்பிப் பார்த்தாள். சங்கு ஊதியது, வடம் இறுகியது, தேர் அவளைக் கடந்து போயிற்று. மறித்த கையை இறக்காமல் நின்றாள். குவளை என் கையிலேயே இருந்தது.

நாளை மறுநாள் புராணப் படிப்பு தொடங்குகிறது. வாசிக்க வேறொருவரை ஒழுங்கு செய்திருக்கிறார்கள். நல்ல குரல் என்கிறார்கள். நான் சுமந்து போவதோ நீர் நிறுத்திவிட்டுப் போன இடத்தை. அந்த மரத்தடியிலிருந்து நீர் கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தபடியே இருக்கிறீர். இது நான் பொருள் சொல்ல வேண்டிய இடம்.