உன் பேரைச் சொல்லி வந்த போன்

சோறு ஆறுவதற்குள் எழுந்துவிடுவேன் என்று தெரிந்தும் தினமும் எனக்காக உட்கார்ந்திருந்த என் அம்மாவுக்கு,

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, உனக்கே தெரியும். நேராகச் சொல்கிறேன். போன மாதம் உன் சேமநிதிப் பணம் முழுவதும் போகப் பார்த்தது. போகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிட்டேன், பதறாதே.

எப்படி என்று சொல்வதற்கு உன் ஐசி, அதாவது அடையாள அட்டை, கதையிலிருந்து தொடங்க வேண்டும். இதைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியாது இல்லையா?

ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள் நீ. தாத்தா உன் பிறப்பைப் பதியவில்லை. பிறந்த ஊரிலேயே, வந்து குடியேறியவள் மாதிரி சிவப்பு ஐசி. எத்தனை முறை பஸ் ஏறிப் பதிவிலாகாவுக்குப் போயிருப்பாய்? எஸ்டேட் கணக்குப்பிள்ளை கிராணியின் கடிதத்தைக் கொண்டுபோனால் மருத்துவச்சியின் சாட்சி கேட்டார்கள். மருத்துவச்சியைத் தேடிப் போனால் அவள் செத்துப் போயிருந்தாள். நான் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போதுதான் உனக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி கிடைத்தது.

அன்றைக்குப் பாச்சாங்கில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு எங்களை அழைத்துப் போனாய். ஐசியை இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சாப்பிட்டாய். ரசம் பட்டுவிடும், உள்ளே வை என்றார் அப்பா. “பட்டா தொடைச்சிக்கலாம். எல்லாரும் பாக்கட்டும்லா” என்றாய். அப்படி நீ சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சாப்பிட்ட கையோடு அதே கடை வரிசையில் இருந்த பரமேஸ்வரி அக்காவின் போட்டோஸ்டேட் கடைக்குப் போய் இருபது காப்பி எடுத்தாய்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் ஒரு காப்பி. கோயில் சங்கத்துக்கு ஒன்று, தவணைக் கடைக்கு ஒன்று, இன்சூரன்ஸ் அக்காவுக்கு இரண்டு. தண்ணீர் வடிகட்டி விற்க வந்த பையன் கேட்கவே இல்லை, நீயாகக் கொண்டுவந்து நீட்டினாய். அவனே திகைத்துப் போனான்.

நான் பார்ப்பது கணினிப் பாதுகாப்பு வேலை. ஐசி காப்பி ஒன்று கிடைத்தால் உன் பேரில் போன் லைன் எடுக்க முடியும், கடன் கேட்க முடியும், உன் வீட்டுக்கே போன் போட்டு உன்னைப் பற்றி விவரமாகப் பேச முடியும். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் கிளினிக்குக்கு ஒரு காப்பி எடுத்து வைத்திருந்தாயே, அதன் மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டு, ‘கிளினிக் பதிவுக்கு மட்டும்’ என்று எழுதினேன். அப்படித்தான் செய்ய வேண்டும். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் நீ அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“என் மூஞ்சி மேல கோடு போட்டுட்டியேடா.”

நான் கத்தினேன். படிக்காதவ மாதிரி நடந்துக்காத என்றேன். பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நிற்பதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. நீ குரலை உயர்த்தவே இல்லை.

“இருவது வருசமா எல்லாரும் கேட்டாங்க, குடுக்க எங்கிட்ட இல்ல. இப்ப இருக்கு, குடுக்குறேன். உனக்கு என்னடா வந்துச்சி?”



நீ எங்களை விட்டுப் போன பிறகு, இறப்பைப் பதியப் போனபோது பதிவிலாகா கவுண்டரில் உன் ஐசியை வாங்கிக்கொண்டார்கள். வைத்துக்கொள்ளலாமா என்று அப்பா கேட்டார். முடியாது என்றார்கள். வீட்டில் மிஞ்சியது காப்பிகள்தான். உன் சேமநிதி அப்பா பேருக்கு வந்தது. அதை வைப்புத்தொகையில் போட்டார். நீ ஃபேக்டரியில் ஷிப்ட் மாறி மாறி நின்று சேர்த்தது. அப்பா மறுபடியும் ஜாகா காவல் வேலைக்குப் போய், வெயிலில் கேட்டைத் திறந்து மூடக் கூடாது என்றுதானே சேர்த்தாய்?

போன மாதம் ஒருநாள் காலையில் அப்பாவுக்கு அந்தப் போன் வந்தது. போலீஸ் என்று சொன்னவன் உன் முழுப் பேரையும் ஐசி நம்பரையும் தப்பில்லாமல் சொன்னான். உன் ஐசியை வைத்து யாரோ கள்ளப் பணம் மாற்றியிருக்கிறார்கள், வழக்கு உன் பேரில் இருக்கிறது என்றான். பேர் சுத்தமாக வேண்டுமென்றால் வைப்புத்தொகையை உடைத்து, அவன் சொல்லும் கணக்கில் போட வேண்டும், சோதனை முடிந்ததும் திரும்பி வந்துவிடும். முதலில் உன் ஐசி காப்பியும் பேங்க் புத்தகமும் வாட்ஸாப்பில் வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது, பிள்ளைகளிடமும்தான்.

அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பத் தெரியாது. அதனால் பணம் தப்பியது, வேறு எதனாலும் இல்லை. தங்கா பத்து வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாச்சாங்குக்கு, பரமேஸ்வரி அக்கா கடைக்கே போயிருக்கிறார். அனுப்பித் தரச் சொல்லிப் போனை நீட்டியிருக்கிறார். அக்கா அதில் வந்திருந்த செய்தியைப் படித்துவிட்டு, மெஷின் சூடாகட்டும் அங்கிள் என்று அவரை உட்கார வைத்துவிட்டு, பின்பக்கம் போய் எனக்குப் போன் அடித்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில், உன் காப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். போலீஸ் போனில் வழக்கு விசாரிக்காது, சோதனைக்குப் பணம் போடும் கணக்கு என்று எதுவும் கிடையாது, போனை வைத்துவிட்டு பேங்க் கார்டின் பின்னால் இருக்கும் நம்பருக்கு நீங்களே அடிக்க வேண்டும். எல்லாம் சரியான விஷயம். வாயில் வந்ததோ வேறு.

“ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?”

“நீ கத்துவ.”

அக்கா திரும்பி நின்று தாள் அடுக்க ஆரம்பித்தார்.

“அம்மா பேரு கெட்டுப் போச்சின்னு சொன்னான்டா. அந்த ஐசிக்கு அவ எவ்ளோ அலைஞ்சா, நீயும்தானே பாத்த. காசு போனா போவுதுன்னு நெனைச்சிட்டேன்.”

அம்மா, அந்தத் திருடனுக்கு என் படிப்பில் பாதிகூட இருக்காது. பிள்ளையிடம் சொல்லாதே என்று ஒரு வார்த்தை சொன்னான், அது போதுமாக இருந்தது. மீதி வேலையை நான் பல வருஷமாக அவனுக்காகச் செய்து வைத்திருந்தேன்.

அன்றே பேங்குக்கும் போலீஸ் நிலையத்துக்கும் போனோம். புகார் எழுதும்போது உன் பேரில் எந்த வழக்கும் இல்லையே என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். இல்லை பாக்சிக் என்று, மாமா முறை வைத்து, அங்கிருந்த மலாய்க்காரப் பெண் போலீஸ் இரண்டு தடவையும் பொறுமையாகச் சொன்னாள். எனக்கு வராத பொறுமை. எந்தக் காப்பியிலிருந்து உன் நம்பர் போனது என்று தெரியவில்லை, இனித் தெரியவும் போவதில்லை.

வேறு ஒன்றுதான் மனசை அரிக்கிறது. நீ இருந்த காலத்தில் உனக்கும் இப்படிப் போன் வந்ததா? பயந்துகொண்டு, என்னிடம் சொல்லாமல், தனியாக உட்கார்ந்திருந்தாயா?

நேற்று மீட்டிங்கில் இருக்கும்போது அப்பா போன் அடித்தார். பார்சல் ஒன்று நிற்கிறதாம், பணம் கட்டச் சொல்லிச் செய்தி. பொய், அழித்துவிடுங்கள் என்றால் இரண்டு விநாடியில் முடிந்துவிடும். வெளியே வந்து நின்று, முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னேன். மலாயில் எழுத்துக் கூட்டிப் படித்தார். முடித்துவிட்டு, “இது பொய்தானே தம்பி? எனக்கே தோணுச்சி” என்றார். பிறகு செர்காமிலிருந்து மீன் வாங்கியதையும், குழம்பில் புளி கூடிப்போனதையும் சொன்னார். மேலதிகாரி கண்ணாடிக் கதவைத் தட்டிப் பார்த்தார். நான் நகரவில்லை.

அம்மா, நீ சேர்த்ததை அப்பா நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுவார். அது என் பொறுப்பு. அவர் எத்தனை தடவை போன் அடித்தாலும், எதைக் கேட்டாலும், சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

உன் வயிற்றில் கடைசியாகப் பிறந்த மகன்,
தங்கா பத்து